முட்டுகிற இடத்தில் ஒரு கோடு

மூன்றாவது கூரையும் வேண்டாம் என்று தவசிமுத்து சொன்னதும், பட்டறைக்காரன் சொர்ணராஜ் கூரையைத் தூக்கும் செயினை விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணாச்சி, இதுவும் ஆகாதுன்னா நீரு தேர்தான் வாங்கணும்."

தவசிமுத்து சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையும் இல்லை. வேனின் பழைய கூரையைக் காலையிலேயே அறுத்துத் தள்ளியாயிற்று. மூடி தொலைந்த தகர டப்பா மாதிரி வண்டி முற்றத்தில் நின்றது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பேய் பிடித்த மாதிரி அடித்தது. மலைக்குப் பின்னால் மழை திரண்டுகொண்டிருந்தது.

அந்த வேன்தான் அவர்களுக்கு வீடு. குருவும் சீடரும் ஊர் ஊராகப் போவது அதில்தான். சமையல், பூசை எல்லாம் அதற்குள்தான். குரு வடிவம்மைக்கு நாற்பது வயது இருக்கும். குள்ளம். உள்ளே நின்றால் தலைக்கு மேல் இடம் மிச்சம் கிடக்கும். சீடர் தவசிமுத்து அறுபதைத் தொட்ட பழைய லாரி டிரைவர். பனைமரம். மூன்று வருடமாக உள்ளே கூனிக் கூனி நடந்து முதுகு வில்லாகிவிட்டது.

முதுகைக்கூடப் பொறுத்துக்கொண்டார். கும்பிடுவதுதான் தாங்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குவித்துக் கும்பிடுவது அவர் வழக்கம். அப்பா பழக்கியது. நெஞ்சுக்கு நேரே கைகூப்பினால் அவருக்குக் கும்பிட்ட மாதிரியே இருக்காது. மழைநாளில் வண்டிக்குள் கும்பிட்டால் கைமுட்டி தகரத்தில் டங்கென்று இடிக்கும்.

அதனால்தான் உயரமான கூரை. சொர்ணராஜ் மூன்று பைபர் கூரைகளை ஒவ்வொன்றாகச் செயினில் தூக்கி, வண்டி மேல் இறக்கிக் காட்டினான். முதல் கூரையில் தலை அடங்கியது, கை அடங்கவில்லை. இரண்டாவதில் விரல் நுனி உரசியது. மூன்றாவதில் ஒன்றுமே உரசவில்லை. ஆனால் அவருக்கு வேறு பயம் வந்துவிட்டது.

"இந்தக் காத்துல இத வச்சிட்டுப் போனா வண்டி மல்லாந்துரும்வே."

"அப்ப ரெண்டாவது?"

"விரல் முட்டுதுல்லா."

சொர்ணராஜ் தலையில் அடித்துக்கொண்டான்.

வடிவம்மை ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்து வறுகடலை தின்றுகொண்டிருந்தார். கடலை தின்றார், அவ்வளவுதான். அதில் ஞானம் ஒன்றும் தெரியவில்லை.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க. எவ்வளவு உசரம் வைக்க?" என்றார் தவசிமுத்து.

"எனக்குப் பழசே பெருசு."

"எனக்கு எவ்வளவுன்னு கேக்கேன்."

"உம்ம உசரம் எனக்கு எப்படித் தெரியும்? கடலை திங்கீரா?"

தவசிமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. வேப்பமரத்தடியில் அவர் பை இருந்தது. வேட்டி, துண்டு, மாத்திரை எல்லாம் அதற்குள். கூரையை அறுத்த கையோடு கட்டி வைத்திருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள நான் நிமிந்து நிக்கதுக்கு ஒரு கூரை வரணும். வரலன்னா நான் மகன் வீட்டுக்குப் போறேன். அங்க கையத் தூக்கினா முட்டாது."

"முட்டவே முட்டாதா?"

"முட்டாது."

"அப்ப மூணு வருசமா இங்க எதுக்குக் குனிஞ்சீரு?"

தவசிமுத்து பையைப் பார்த்தார்.

வடிவம்மை கையைத் தட்டிவிட்டு எழுந்தார். சொர்ணராஜின் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை உருவி நீட்டினார். கூரை உயரத்தைக் குறிப்பதற்காகக் கதவுச் சட்டத்தோடு சேர்த்து ஒரு நெட்டைக் கம்பு கட்டியிருந்தார்கள். அதைக் காட்டினார்.

"உள்ள போயி நில்லும். எங்க முட்டுதோ அங்க கம்புல ஒரு கோடு போடும். அந்த உசரத்துக்குக் கூரை. சொர்ணம், தொங்குத கூரையத் தள்ளிப் போடு."

கூரை ஒரு பக்கமாக நகர்ந்து இறங்கியது. "இம்புட்டுதானா" என்று முணுமுணுத்துக்கொண்டே தவசிமுத்து ஏறினார். ஏறியதும் குனிந்தார். குனிந்தபடியே அடுப்பைத் தாண்டிக் கம்புக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

சொர்ணராஜ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணாச்சி, கூரையே இல்ல! யாருக்குக் குனியுதீரு?"

தவசிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து எத்தனை தரம் ஏறி இறங்கியிருப்பார்! அத்தனை தரமும் குனிந்தேதான். ஒவ்வொரு கூரையும் தலைக்கு மேல் வந்த பிறகுதான் அளவு பார்க்க நிமிர்ந்திருந்தார்.

இப்போது நிமிர்ந்தார். மெதுவாக. முதுகு நெட்டி முறிந்தது. வழக்கமாக இடிக்கிற இடம் வந்ததும் தலை தானாகப் பதுங்கியது. இடிக்கவில்லை. இன்னும் நிமிர்ந்தார். அறுத்த விளிம்பு தோளுக்குக் கீழே போனது.

காற்று முகத்தில் அறைந்தது.

எதிரே மலை. இவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்தது. இவர்தான் அளவு நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உச்சி தெரியவில்லை. சத்தமே இல்லாத ஒரு ஆறு மலையேறி இறங்குகிற மாதிரி, மேகம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வழிந்தது. பட்டறையை ஒட்டி நின்ற காற்றாலையின் இறக்கை, ஒரு பஸ் நீளம், இல்லை, அதைவிடப் பெரிது, தலைக்கு மேலே வந்து வூம் என்று போனது. அடுத்தது வந்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் வானத்தை அறுத்துக்கொண்டு போனது. வானத்தில் ஒரு கீறலும் விழவில்லை. அதற்குப் பின்னால் கணவாய் முடிகிற மட்டும் காற்றாலைகள். எல்லாம் சுற்றின.

"முட்டுதா?" என்றார் வடிவம்மை கீழேயிருந்து.

தவசிமுத்து இன்னும் அண்ணாந்தார்.

முதல் தூறல் விழுந்தது.

"அண்ணாச்சி, மழை வந்துட்டு! எந்தக் கூரைன்னு சொல்லும்!"

அவர் திரும்பவில்லை. வடிவம்மை மரத்தடிக்குப் போய்ப் பையை எடுத்துவந்தார். வேனுக்குள் சீட்டுக்கு அடியில், நனையாத இடமாகப் பார்த்துத் தள்ளி வைத்தார். தவசிமுத்து அதையும் பார்க்கவில்லை.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க. எத ஏத்தட்டும்?"

"கோடு போடச் சொல்லியிருக்கேன். போட்டதும் ஏத்து."

சொர்ணராஜ் கம்பைப் பார்த்தான். கம்பு வெறுமையாக நின்றது. தவசிமுத்துவின் இரண்டு கையும் தலைக்கு மேல் உயர்ந்து குவிந்திருந்தன. சாக்பீஸ் அந்தக் கைகளுக்குள் எங்கேயோ இருந்தது. மழைத்தண்ணீர் அவர் முழங்கை வழியாக வெள்ளையாக வடிந்தது.

அவர் கோடு போடவில்லை.