புறப்பட்டுப் போன வெற்றிலைச் செல்லம்

முன்னொரு காலத்தில், சபதம் போடுவதற்கென்றே தனியாக ஒரு முரசு வைத்திருந்த ராஜா ஒருவர் இருந்தார். பூபாலராயர் என்று பெயர். சித்திரை முதல் நாள் விடிந்ததும் அந்த முரசை அடிப்பார்கள். ஊர் கூடும். ராஜா மாடத்தில் வந்து நின்று, "இன்று முதல் நாம் தினமும் காலையில் ஆற்றுக்கு நடந்து சென்று நீராடுவோம்!" என்று முழங்குவார். ஒன்பது வருஷமாக இதே சபதம்தான். முழக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆற்றங்கரைப் படிக்கட்டுதான் ராஜாவின் கால் படாமல் பாசி பிடித்துக் கிடந்தது.

சிரிக்காதீர்கள். நாமெல்லாம் முரசு இல்லாமல் போடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இளவரசராக இருந்த காலத்தில் பூபாலராயர் ஒரு நாள்கூட ஆற்றைத் தவறவிட்டதில்லை. அரண்மனைத் தோட்டக்காரர் மகன் திருமேனியும் கூடவே போவான். கரையில் இருந்த மருத மரத்தில் ஏறி இருவரும் தொப்பென்று குதிப்பார்கள். "தண்ணிக்குள்ள ராஜாவும் கிடையாது, கூஜாவும் கிடையாது" என்பது அவர்களுக்குள் சட்டம். ஆகா, அதெல்லாம் என்ன காலைகள்! பிறகு கிரீடம் வந்தது, பல்லக்கு வந்தது, அண்டா அண்டாவாக வெந்நீர் வந்தது. ராணியம்மாள் காலமான பிறகு ராஜா உட்கார்ந்த இடத்தை விட்டு அசைவதே அரிதாகிவிட்டது. சிம்மாசனத்தின் மூன்று படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது.

திருமேனி அரசவையில் விகடகவி ஆனான். ஆனால் "டேய்" என்று கூப்பிட்ட வாய் "நீர்" என்று கூப்பிடப் பழகிவிட்டது. அது அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

சபதம் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்பீர்கள். ஆஸ்தான சோதிடர் அரங்கேசர் இருந்தாரே, அவரைக் கேட்காமல் ராஜா தும்மக்கூட மாட்டார். "நாளை அஷ்டமி, பிரபு. மறுநாள் நவமி. அதற்கடுத்த நாள் திங்கட்கிழமை, கிழக்கே சூலம், ஆறோ கிழக்கே இருக்கிறது. குற்றமில்லாத நாளாகப் பார்த்துத் தொடங்குவோம்" என்பார். குற்றமில்லாத நாள் வருவதற்குள் ராஜாவுக்குச் சபதமே மறந்துபோகும்.

பத்தாவது வருஷமும் முரசு அடித்தார்கள். ராஜா வாயைத் திறக்கப் போனார். கூட்டத்திலிருந்து ஒரு பூக்காரியின் குரல் கணீரென்று வந்தது. "ஆத்துக்குப் போறேன்னுதானே சொல்லப் போறாரு? எனக்குப் பூ வாடுது, நான் வாரேன்."

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. சபதம் சொல்லாமலே உள்ளே திரும்பிவிட்டார்.

அன்று அவையில் அவர் எரிந்து விழுந்தார். "நம் சொல்லுக்கு நம் நாட்டிலேயே மதிப்பில்லையா? இதற்கு யார் காரணம்?"

அரங்கேசருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ராஜாவுக்கு நெருங்கியவன் என்று திருமேனியின் மீது அவருக்கு நெடுநாளாகவே புகைச்சல். "காலை நேரம் முழுவதும் விகடகவி பிரபுவைச் சிரிக்க வைத்தே உட்கார்த்தி விடுகிறார். உறுதி எப்படி நிற்கும்? கெடுத்தவரே சரிசெய்யட்டும்" என்றார்.

"திருமேனியாரே," என்றார் ராஜா, "நாளை முதல் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் தருகிறோம். அதற்குள் நாம் நம் காலால் நடந்து ஆற்றில் இறங்கியிருக்க வேண்டும். இல்லையேல் நீர் உம் மனைவியோடு நாட்டின் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

"இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, ஆறு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது," என்று சேர்த்துக்கொண்டார் அரங்கேசர். "உறுதி என்பது தானாக ஊற வேண்டும் அல்லவா, பிரபு?"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

வீட்டில் திருமேனியின் மனைவி வடிவு கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். "இந்த வயசுல மூட்டையைத் தூக்கிக்கிட்டு எந்த ஊருக்குய்யா போறது? அந்த மனுசனை நகர்த்துறதும் கோயில் தேரை ஒத்தை ஆளா இழுக்கிறதும் ஒண்ணுதான்!"

"தேரை யாரும் ஒரே இழுப்புல நிலைக்குக் கொண்டு வர்றதில்ல, வடிவு" என்றான் திருமேனி.

மறுநாள் புதன்கிழமை. அவை கூடியதும் திருமேனி எழுந்தான். "சோதிடரே, ஓர் ஐயம். பரஸ்தானம் என்கிறார்களே, அது என்ன?"

பாண்டித்தியத்தைக் காட்ட இடம் கிடைத்தால் அரங்கேசர் விடுவாரா? மளமளவென்று பொழிந்தார். "பயணம் போகிறவர் நல்ல வேளையில் கிளம்ப முடியாவிட்டால், தாம் நித்தம் கையாளும் பொருள் ஒன்றை அந்த வேளையில் வாசலுக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். பொருள் புறப்பட்டால் அவரே புறப்பட்டதாகக் கணக்கு. பயணம் முடியும் வரை அந்தப் பொருள் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அதற்கு மாற்றுப் பொருளையும் தொடலாகாது. உடையவர்தான் அதைத் தேடிப் போக வேண்டும்."

"இன்று அதற்கு நல்ல வேளை உண்டா?"

"இதோ, இந்த நாழிகையே மிகவும் உத்தமம்" என்றார் அரங்கேசர், பெருமை அடங்காமல்.

அவ்வளவுதான். திருமேனி குனிந்து, ராஜாவின் பக்கத்தில் இருந்த வெற்றிலைச் செல்லத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். ராணியம்மாள் இருந்த காலத்தில் தன் கையால் வெற்றிலை மடித்து வைத்த பழைய வெள்ளிப் பெட்டி அது. அதிலிருந்து ஒரு வாய் போடாமல் ராஜாவுக்குப் பொழுது விடியாது. கிழக்கு வாசலிலிருந்து இருபது தப்படி தள்ளி, ஒரு முக்காலியில் வைத்துவிட்டு வந்தான். கொண்டுவாருங்கள் என்று ராஜா கத்தினார். எல்லோரும் சோதிடரைப் பார்த்தார்கள். சோதிடர் தம் வாயையே பொத்திக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் ராஜா இருபது தப்படி நடந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு, திருமேனியை வாயார வைதுவிட்டுத் திரும்பினார்.

அடுத்த நாள் முக்காலி நாற்பதாவது தப்படியில் இருந்தது. "நேற்று இங்கே இல்லையே?" என்றார் ராஜா.

"திரும்பக் கூடாது என்றுதான் சாத்திரம், மன்னா. மேலே போகக் கூடாது என்று சொல்லவில்லையே."

இப்படியே தினமும் இருபது தப்படி. இருபது தப்படிக்காக யார் சண்டை போடுவார்கள்? பத்தாம் நாள் பலாமரத்தடி. இருபதாம் நாள் பழைய யானைக் கொட்டில். அங்கே ராஜா வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார். "செவ்வந்தி இங்கேதானே நின்றாள்? உம்மைத் தும்பிக்கையால் தூக்கிக் குட்டையில் போட்டாளே!" அன்று அவர் வையவில்லை. முப்பதாம் நாளுக்குள், சேவகர்கள் எழுப்பாமலே விழிப்புத் தட்டியது. மூச்சு வாங்குவது எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது.

நாற்பதாம் நாள் சலசலவென்று ஏதோ காதில் விழுந்தது. "அது என்ன சத்தம், திருமேனியாரே?"

"எனக்குச் சொல்ல அனுமதி இல்லை, மன்னா."

ராஜா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியதைத் திருமேனி பார்த்துவிட்டான். பார்க்காதது போலவே நின்றான்.

நாற்பத்தெட்டாம் நாள் திங்கட்கிழமை. ராஜா கிழக்கு வாசலைத் தாண்டப் போகும்போது இத்தனை திங்கட்கிழமை வாய் திறக்காத அரங்கேசர் மூச்சிரைக்க ஓடிவந்து குறுக்கே நின்றார். "பிரபு, இன்று கிழக்கே சூலம்! இன்று புறப்படவே கூடாது. நாளைக்குப் பார்க்கலாம்!"

நாளைக்கு என்றால் மண்டலம் முடிந்துபோகும். தெருவில் வடிவு மூட்டையோடு தயாராக நின்றாள். ராஜாவின் கால் தயங்கியது. இத்தனை வருஷப் பயம் ஒரே நாளில் போய்விடுமா?

திருமேனி கைகூப்பினான். "சோதிடர் சொல்வது மெத்தச் சரி. இன்று யாரும் புறப்படக் கூடாது. ஆனால் மன்னர் இன்றைக்கா புறப்படுகிறார்? போன மாதம் புதன்கிழமை, உத்தமமான நாழிகையில், சோதிடரே பார்த்துச் சொன்ன வேளையில் அல்லவா புறப்பட்டார்? நாற்பத்தேழு நாளாக அவர் வழியில் இருக்கிறார். பாதி வழியில் நிற்கிறவரை மறிப்பதற்கு எந்தச் சாத்திரத்தில் இடம் இருக்கிறது?"

ராஜா அரங்கேசரைப் பார்த்தார், திருமேனியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்காமலே நடந்தார். யானைக் கொட்டில் போயிற்று, தோப்பு போயிற்று. மருத மரத்தடியில் முக்காலியும் செல்லமும் இருந்தன. ராஜா செல்லத்தைத் தொடவே இல்லை. பாசிப் படியில் மெல்லக் கால் வைத்து, கழுத்தளவு தண்ணீருக்குள் போய், ஒரு முழுக்குப் போட்டு எழுந்தார். நரைத்த மீசையிலிருந்து நீர் சொட்டியது.

"டேய் திருமேனி! கரையில என்னடா வேடிக்கை? இறங்குடா!"

முப்பது வருஷம் கழித்துக் கேட்ட சொல். திருமேனி வேட்டியை மடித்துக் கட்டக்கூட மறந்து தொப்பென்று குதித்தான். இரண்டு கிழவர்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்ததை ஊரே பார்த்தது.

கரையேறியதும், "என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"அந்தச் சபத முரசு வேண்டும், மன்னா. வடிவு புளி போட்டு வைக்கப் பானை தேடிக்கொண்டிருக்கிறாள்."

ராஜா மறுபடியும் சிரித்தார். முரசையும் கொடுத்தார், காதில் கிடந்த கடுக்கனையும் கழற்றிக் கொடுத்தார்.

பயணம் முடிந்துவிட்டதால் செல்லம் அரண்மனைக்குத் திரும்பியது. அன்று மாலையே ராஜாவின் கட்டிலருகில் வைத்தார்கள். இனி கையை நீட்டினால் போதும், வெற்றிலை கிடைக்கும். அரங்கேசருக்கு அதில் ஒரு நம்பிக்கை. திருமேனிக்கு அதுதான் கவலை. நாற்பத்தொன்பதாம் நாள் விடியலில் அவன் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

வாசற்கதவு தடதடவென்று அதிர்ந்தது. திறந்தான். பல்லக்கு இல்லை, சேவகர் இல்லை. கக்கத்தில் வெற்றிலைச் செல்லத்தை இடுக்கிக்கொண்டு, தோளில் துண்டோடு ராஜா நின்றார்.

"வெயில் ஏறுது பாரு. வர்றியா, நான் மட்டும் போகட்டுமாடா?"