இடத்து மாடும் வலத்து மாடும்

குருவிடம் கேள்வி கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் விடையையும் மடியில் முடிந்துகொண்டுதான் வருவார்கள். நல்லமுத்து தன் விடையை இரண்டு கைகளிலும் பிடித்து அழைத்துவந்தார்.

ஒரு கையில் பேரன் வையாபுரி. மறு கையில் பேத்தி பாவாயி. ஒன்பது வயது இரட்டைப் பிள்ளைகள்.

ஆற்றங்கரைப் பாடசாலைக்கு விறகும் கூரைக்கு ஓலையும் நல்லமுத்துவின் தோப்பிலிருந்துதான் வந்தன. ஆனாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, துண்டைக் கையில் மடித்துக்கொண்டுதான் அவர் உள்ளே வந்தார். பழைய மனிதர். மரியாதை தெரிந்தவர்.

“ரெண்டுல ஒண்ணைத்தான் படிக்க விட முடியுமுங்க அம்மா. இன்னொண்ணு வீட்டுக்கு வேணும். எனக்கு ஆம்பளை, பொம்பளைங்கற பேதமெல்லாம் கிடையாது. புத்தி எதுக்கு இருக்குதோ அது படிக்கட்டும்.”

“எதுக்கு இருக்குன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் குரு.

“அதுக்குத்தானுங்க இதுகளைக் கொண்டாந்தேன். ஒரே வயித்துல ஒண்ணாப் பொறந்ததுக. ஒரே வீடு, ஒரே சோறு. வளர்ப்புல குத்தம் சொல்ல வழியே இல்லை. சோதிச்சுப் பாருங்க. எது முந்துதோ அதுக்குப் பொறப்புலயே புத்தி இருக்குதுன்னு அர்த்தம். ஆணுக்கா பொண்ணுக்காங்கறதும் தெரிஞ்சுபோயிரும். பொட்டப்புள்ளைகளை அனுப்பலாமா வேண்டாமான்னு ஊர்லயும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறாங்க.”

குருவின் பெயர் மரகதம். எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு பெண் என்பது நல்லமுத்துவுக்குக் கொஞ்சம் தாமதமாக உறைத்தது.

“உங்களைச் சொல்லலீங்க. உங்கப்பா எவ்வளவு பெரிய பண்டிதர்! உங்களுக்கு அது ரத்தத்துலயே இருக்குது.”

“மாரப்பனுக்கு?”

மாரப்பன் குருவின் சீடன். வண்டிக்காரர் மகன். மீசை முளைத்த பிறகுதான் எழுத்துப் படிக்க வந்தான். குருவைவிட ஐந்தாறு வயதுதான் இளையவன். அவன் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் ஓலையைத் தொட்டதில்லை, கூரை வேய்ந்ததைத் தவிர.

நல்லமுத்து சிரித்தார். “இவங்கப்பனை எனக்குத் தெரியாதுங்களா? எருதைத் திட்டறதுக்கு மட்டும்தான் வாயைத் திறப்பான். இவன்கிட்ட இருக்கறது ரத்தமில்லீங்க. நீங்க தட்டித் தட்டி உருட்டி எடுத்தது.”

மாரப்பனும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆனால் அவன் வெகுநாளாய் அஞ்சிக்கொண்டிருந்ததும் அதுதான். தன்னிடம் இருப்பது பூச்சு மட்டும்தான், ஒரு நல்ல மழைக்குக் கரைந்துவிடும் என்று.

“மாரப்பா, நீயே சோதிச்சுச் சொல்லு. உன் சொல்தான் முடிவு” என்றார் குரு.



சோதனையை அவன் கவனமாகத்தான் நடத்தினான். இருவருக்கும் ஒரே அளவு மணலைப் பலகையில் பரப்பினான். ஒரே கேள்வியை ஒரே குரலில் கேட்டான். பையன் பக்கம் தலை திரும்பினால் உடனே பெண் பக்கமும் திரும்பினான்.

“ஒரு பட்டியில ஆடும் கோழியும் அடைஞ்சிருக்கு. தலை எட்டு. கால் இருபத்திரண்டு. ஆடு எத்தனை, கோழி எத்தனை?”

வையாபுரி மணலில் கோடு கோடாகக் கிழித்தான். பாவாயியும் கிழித்தாள்.

“மூணு ஆடு, அஞ்சு கோழி!” என்று கத்தினான் பையன்.

“சபாஷ்! எங்க ரத்தம்” என்றார் நல்லமுத்து.

“அவளும் உங்க ரத்தம்தானே?” என்றார் குரு.

“ஆமாங்க, ஆமாங்க” என்றார் அவர், அவசரமாக.

சாயங்காலம் வரை சோதனை நடந்தது. வையாபுரி அநேகமாக எல்லாவற்றுக்கும் விடை சொன்னான். பாவாயி பாதிக்குச் சொன்னாள். மீதிக்கு விழித்தாள். முடிவைக் காலையில் சொல்வதாகச் சொல்லி, மாரப்பன் தாத்தாவையும் பிள்ளைகளையும் விருந்தினர் குடிலில் தங்கவைத்தான்.

பிறகு குருவிடம் போய் நின்றான்.

“பையன்தானுங்க அம்மா.”

“சரி.”

“கேள்வியில ஓரவஞ்சனை எதுவும் இல்லீங்க.”

“சரி.”

“ஆனா மனசு ஒப்ப மாட்டேங்குது.”

குரு நிமிர்ந்து பார்த்தார்.

“புத்தி பொறப்புல வருதா, வளர்ப்புல வருதா? விதையா அம்மா, மண்ணா?”

“இந்தக் கேள்வியைக் கேக்கறவங்க எல்லாரும் ஒரு விதையைத் தூக்கிக்கிட்டு வந்துடறாங்க. உனக்கு வெள்ளாமை தெரியுமா?”

“தெரியாதுங்க. வண்டிதான் தெரியும்.”

“அப்போ வண்டியைப் பூட்டு.”

பாடசாலை வண்டிக்கு இரண்டு எருதுகள். ஒன்று சாம்பல் நிற மயிலை, ஒன்று சிவப்புச் செவலை. ஒரே பசு அடுத்தடுத்து ஈன்றவை. இரண்டையும் கன்றிலிருந்து வளர்த்துப் பழக்கியவர் மாரப்பனின் அப்பாதான். மாரப்பன் நுகத்தடியைத் தூக்கினான். மயிலையை இடப்பக்கம் நிறுத்தினான்.

“செவலையை அங்கே கட்டு” என்றார் குரு.

“அது வலத்து மாடுங்க.”

“கட்டு.”

கட்டினான். குரு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

“ஓட்டு.”

நாலு முழம் போவதற்குள் வண்டி தகராறு பண்ணியது. செவலை உள்பக்கம் சாய்ந்து மயிலையை நெருக்கியது. மயிலை கழுத்தை வளைத்து, தன் பழைய இடத்தைத் தேடிப் பின்வாங்கியது. மாரப்பன் வாலைத் தொட்டான், நாக்கைச் சொடுக்கினான், கெஞ்சினான். கடைசியில் அப்பாவின் வசவுகளில் ஒன்று, குரு பின்னால் இருப்பதை மறந்து, வாயிலிருந்து வந்துவிட்டது. வண்டி நேராகப் போய் முள்வேலியில் முட்டி நின்றது.

குரு சேலைத் தலைப்பில் மாட்டிய முள்ளை எடுத்தபடி கேட்டார்.

“ஒரே பசுவோட கன்னுக. ஒரே தொழுவம். ஒரே வைக்கோல். இதுல எது மண்டு?”

“ரெண்டும் மண்டு இல்லீங்க. நல்ல மாடுக. பக்கம் மாறிப்போச்சு. கன்னாப் பழக்கறப்பவே அது இடம், இது வலம்னு ஆயிப்போச்சுங்க.”

“ஒரே நுகம்தானே?”

“ஒரே நுகம்தானுங்க. ஆனா…”

மாரப்பன் பேச்சை நிறுத்தினான். நுகத்தடியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தான். காலையிலிருந்து நடந்தது அவன் கண்முன் வேறொரு விதமாக வந்து நின்றது.

ஆடும் கோழியும் கேட்டபோது நல்லமுத்து தொண்டையைச் செருமினார். ‘பாவாயி, தாத்தாவுக்குத் தண்ணி’ என்று சொன்னது யார்? அவனேதான். அவள் சொம்போடு திரும்பி வருவதற்குள் வையாபுரி விடை சொல்லியாயிற்று. ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் இரண்டு பலகையிலும் மணலைச் சமன் செய்தது அவள்தான். தம்பியின் பலகையை முதலில். தன் பலகையில் பாதிக் கணக்கு இருக்கும்போதே அதையும் அழித்து. ‘பொறுப்பான புள்ளை’ என்று அவன் மெச்சவும் செய்திருந்தான்.

“நான் சோதிக்கவே இல்லீங்க அம்மா” என்றான்.

குரு தலைப்பிலிருந்து இன்னொரு முள்ளை எடுத்துப் போட்டார்.

“அப்போ பொறப்புல ஒண்ணுமே இல்லீங்களா?”

“செவலை எதைக் கண்டா மிரளும்?”

“ஓடற தண்ணியைக் கண்டா. கன்னா இருந்தப்பவே அப்படித்தானுங்க. மயிலை மிரளாது. ரெண்டையும் ஒரே வாய்க்கால்லதான் இறக்கினோம்.”

“அதையும் மறந்துடாதே.”

“அப்போ எதுல எவ்வளவுன்னு எப்படிங்க பிரிக்கறது?”

“நீ இன்னிக்கு என்னத்தைப் பிரிச்சே?”

அவன் தலைகுனிந்தான். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கேட்டும்விட்டான்.

“என்கிட்ட இருக்கறது எங்கப்பா குடுத்ததா, நீங்க குடுத்ததா?”

“முதல்ல மாட்டை அவிழ். பாவம், முள்ளுல நிக்குது.”

மாரப்பன் இறங்கினான். இருட்டத் தொடங்கியிருந்தது. பூட்டாங்கயிற்றின் முடிச்சை விரல்கள் தாமாகவே கண்டு அவிழ்த்தன. செவலை மூஞ்சியால் அவன் தோளை உரசியது.

“இந்த முடிச்சு எந்த ஓலையில இருக்கு?” என்று கேட்டார் குரு.

“எந்த ஓலையிலயும் இல்லீங்க.”

“ம்” என்று சொல்லிவிட்டு, அவர் குடிலை நோக்கி நடந்தார்.

மறுநாள் காலை நல்லமுத்து குளித்து, திருநீறு பூசி, தயாராக உட்கார்ந்திருந்தார்.

“சொல்லப்பா மாரப்பா. பையன்தானே?”

“தெரியலீங்க. இன்னொரு தடவை சோதிக்கணும்.”

“நேத்து முழுக்கப் பண்ணினது?”

“அது என் தப்புங்க. இன்னிக்குக் கேக்கறேன்.”

அவன் மணலைப் பரப்பினான். பாவாயியைப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்தான்.

“கண்ணு, நான் சொல்ற வரைக்கும் நீ எந்திரிக்கக் கூடாது. வையாபுரி, யாராவது ஏதாவது கேட்டா நீ எந்திரிச்சுப் போய்க் கொடுக்கணும். மணலையும் நீதான் சமன் பண்ணணும்.”

“நானா?” என்றான் வையாபுரி.

“நீதான் சாமி.”

“தலை பத்து. கால் இருபத்தெட்டு. ஆடு எத்தனை, கோழி எத்தனை?”

வையாபுரி ஒரு கோடு போட்டான். அதற்குள் நல்லமுத்து செருமினார். பையன் எழுந்தான். பானை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். சொம்பைக் கண்டுபிடித்தான், கீழே போட்டான்.

பாவாயி கோடு போடவே இல்லை. அவள் கண் சொம்போடு போய்க்கொண்டிருந்தது. முழங்கால் தரையில் நிலைகொள்ளவில்லை. “அங்கில்லடா, கதவுக்குப் பின்னாடி” என்று முணுமுணுத்தாள்.

இரண்டு பேரும் விடை சொல்லவில்லை.

நல்லமுத்து வாய்விட்டுச் சிரித்தார். “நல்லா இருக்குதப்பா உன் சோதனை! நேத்தாவது ஒண்ணு தேறுச்சு. இன்னிக்கு ரெண்டையும் மண்டாக்கிட்டே. வண்டிக்காரன் புத்தி!”

மாரப்பனுக்கு முகம் சுட்டது. நேற்றென்றால் குருவின் முகத்தைத்தான் பார்த்திருப்பான். இன்று பார்க்கவில்லை.

“ஆமாங்க, வண்டிக்காரன் புத்திதான்” என்றான். “இடத்து மாட்டை வலத்துல பூட்டின உடனே நடக்காதுங்க. எங்கப்பா அதுக்கு ஒரு கோடை முழுக்க எடுத்துக்குவார். ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போங்க. ஒரு கோடை இங்கே இருக்கட்டும். அப்புறம் கேளுங்க, சொல்றேன்.”

“ரெண்டையுமா? வீட்டுல வேலை யார் பாக்கறது?”

கொடியில் காய்ந்த ஓலைப்பெட்டி ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நல்லமுத்துவின் தொண்டை மறுபடியும் வறண்டது. “பாவாயி, அந்தத் தண்ணியை…”

பாவாயி பாதி எழுந்துவிட்டாள். மாரப்பன் கையை மெல்லக் காட்டினான். அவள் தாத்தாவையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

“பானை கதவுக்குப் பின்னாடி இருக்குங்க ஐயா” என்றார் குரு.

அவர் குரலில் வெப்பம் எதுவும் இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோல் இருந்தது. நல்லமுத்து முழங்காலில் கையை ஊன்றி, “முருகா” என்று எழுந்தார். கதவுக்குப் பின்னால் போனார். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

பாவாயி உட்கார்ந்தாள். இந்த முறை சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மணலை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டாள்.

“அண்ணா, அந்தக் கணக்கை இன்னொருக்கா சொல்லுங்க.”

“தலை பத்து. கால் இருபத்தெட்டு” என்றான் மாரப்பன்.

அவள் விரல் மணலில் இறங்கியது.

நல்லமுத்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். பேத்தியின் உச்சந்தலையைப் பார்த்தபடி, கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சரிங்க அம்மா. ரெண்டையும் விட்டுட்டே போறேன். ஆனா ஊர்ல கேப்பாங்களே, என்னன்னு சொல்றது? பொண்ணுக்குப் பொறப்புலயே புத்தி இருக்குதுங்களா, இல்லீங்களா?”

குரு மணற்பலகையைப் பார்த்தார்.

“பொறுங்க ஐயா. அவ இப்பத்தானே உக்காந்திருக்கா.”