தலைகீழாகத் தொங்குகிறவன்

அன்று மடத்துக் கூடத்தில் இருந்தவர்கள் மூவர்: குருவாகிய ஞானப்பூங்கோதை அம்மை, வயதில் அவருக்கு மிகவும் மூத்த சீடர் சபாநடேசன், சபாநடேசனின் மனைவி சௌந்தரம். தாமும் இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்களை நம்ப வேண்டியதில்லை.

சபாநடேசன் ஒரு சீட்டை எடுத்து அம்மையின் முன் வைத்தார்.

“தாயே, இது மேல்நாட்டுக் குறிச்சீட்டு. டாரட் என்கிறார்கள். என் வீட்டுக்கு வரப்போவது யார் என்று கேட்டுச் சீட்டெடுத்தேன். இவன் வந்தான்.”

சீட்டில் ஒருவன், ஒற்றைக்கால் மரத்தோடு கட்டப்பட்டு, தலைகீழாகத் தொங்கினான்.

“இதற்காகத்தான் வளைகாப்பு முடிந்தும் பெண்ணை அழைத்து வரவில்லை,” என்றாள் சௌந்தரம். “தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊரறிந்த வழக்கம். என் செண்பகம் கை நிறைய வளையலோடு மாமியார் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.”

“வேதாளம் வரப்போகிற வீட்டுக்கு வாயும் வயிறுமாக இருப்பவளை எப்படி அழைப்பேன்?”

“வேதாளமா?” என்றார் அம்மை.

“மரத்தில் தலைகீழாகத் தொங்குவது வேறு யார்? புராணம் படித்தவன் தாயே, நான்.”

“தலைகீழாக நின்று தவம் செய்த முனிவர்களையும் அதே புராணத்தில்தானே படித்தீர்?”

“பயந்தவனுக்கு வேதாளம்தான் தாயே, முதலில் நினைவுக்கு வருகிறது.”

“மரத்தைப் பாரும். பட்டுப்போனதா?”

“இல்லை. தளிர் விட்டிருக்கிறது.”

“முகம்?”

“அமைதியாகத்தான் இருக்கிறது.”

“தலையைச் சுற்றி?”

“ஒளிவட்டம்.”

“வேதாளத்துக்கு ஒளிவட்டம் தீட்டுவார் உண்டா?”

சபாநடேசன் சீட்டை மெல்லத் திருப்பி வைத்தார்.

“இப்படி வைத்தால் ஒற்றைக்காலில் ஆடுகிறவன் போலிருக்கிறான். இப்படியே வைத்துக்கொள்ளலாமா, தாயே?”

அம்மை அதை மறுபடியும் தலைகீழாக்கினார்.

“கூடாது. உம் வீட்டுக்கு வருகிறவன் இப்படித்தான் வர வேண்டும். நிமிர்ந்திருந்தால்தான் ஆபத்து.”

சபாநடேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அம்மை சௌந்தரத்தின் பக்கம் திரும்பினார். “நீர் மூன்று பெற்றவர். நாள் நெருங்கும்போது வயிற்றுப்பிள்ளை எப்படி இருக்க வேண்டும்?”

“தலைகீழாகத்தான் அம்மா. தலை கீழே திரும்பிவிட்டது என்று முந்தாநாள் டாக்டர் சொன்னாராம். சம்பந்தியம்மாள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சர்க்கரை கொடுத்திருக்கிறார். இவரிடம் சொல்ல வந்தேன். ‘கெட்ட சேதி எதுவும் சொல்லாதே’ என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.”

சபாநடேசன் குனிந்து சீட்டைப் பார்த்தார். மடங்கிய கால். முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிய கைகள். எதற்கும் அவசரப்படாத முகம்.

எழுந்தார்.

“எங்கே கிளம்பிவிட்டீர்கள்? பூ, பழம் இல்லாமலா சம்பந்தி வீட்டுக்குப் போவது? அட, செருப்பையாவது போட்டுக்கொள்ளுங்கள்!”

அவர் வெறுங்காலோடு வெயிலில் இறங்கி நடந்தார்.