சாயாத முதுகு

டங். டங். டங்.

இரும்புக் குழாயை யாரோ கரண்டியால் அடிக்கிற சத்தம். கீழ்வீட்டிலிருந்து வருகிறது. மங்கோலியாவில், தார்ஹான் என்ற ஊரில், அந்தப் பழைய அடுக்குமாடியில், வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் எல்லா வீட்டுக்கும் பொது. மேலே கூத்தடித்தால் கீழே இருப்பவர் குழாயில்தான் பதில் சொல்வார்.

"இதோட நாலு வாட்டி கீழ போட்டுட்ட," என்றார் தரையில் மல்லாந்து கிடந்த குரு.

"மன்னிச்சிருங்ணா," என்றான் சீடன்.

குருவுக்கு வயது இருபத்தொன்று. சீடனுக்குப் பத்தொன்பது.

இருவரும் மார்மன் சபையின் ஊழியக்காரர்கள். இரண்டு வருடம் வீட்டை விட்டுவிட்டு, சபை அனுப்பிய நாட்டில் போய் இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்பு பேட்ஜ். கூப்பிட்டவர்களுக்குக் கடவுளைப் பற்றிச் சொல்லலாம்; கூப்பிடாதவர்களுக்கு அடுப்புக்குக் கரி அள்ளிக் கொடுக்கலாம். எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான். அதில் முன்னால் வந்தவர் பின்னால் வந்தவனுக்குக் கற்றுக்கொடுப்பார். பேட்ஜில் எல்லோருக்கும் 'எல்டர்' என்று பட்டம். மூத்தவர் என்று பொருள். மீசை ஒழுங்காக முளைக்காதவனும் அங்கே மூத்தவர்தான்.

குருவின் பேட்ஜில் முனியாண்டி என்று இருந்தது. மலேசியாவில் கிள்ளான்காரர்; பேச்சில் அவ்வப்போது அந்த ஊர் 'லா' ஒன்று விழும். சீடனின் பேட்ஜில் அருமைநாயகம். அது அவன் அப்பாவின் பெயர். அவன் ஆல்வின், கோயமுத்தூர் ஒண்டிப்புதூர். வந்த ஆறு வாரமாக ஊரே அவனை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. முதல் வாரத்தில் ஒவ்வொரு தடவையும், அப்பாதான் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தான்.

இன்றைக்குப் பதினொரு மணிக்கு ஞானஸ்நானம். ஆல்வின் கொடுக்கப்போகிற முதல் ஞானஸ்நானம். இரவெல்லாம் போர்வைக்குள் கையை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டே கிடந்தான். விடிந்ததும் குருவையே சாய்த்துப் பழக ஆரம்பித்துவிட்டான்.

அவர்கள் முறையில் தலையில் தண்ணீர் தெளித்தால் போதாது. ஆளை முழுசாகத் தண்ணீருக்குள் பின்பக்கமாகச் சாய்த்து எடுக்க வேண்டும். ஒரு கால்விரல் வெளியே தெரிந்தாலும் செல்லாது. மறுபடி முதலிலிருந்து. அதைப் பார்த்துச் சொல்லவே இரண்டு சாட்சிகள் நிற்பார்கள்.

சாய்க்க வேண்டிய ஆள் குர்பஜார். பழைய மல்யுத்த வீரர். மாகாணத்தில் 'சிங்கம்' பட்டம் வாங்கியவர். நூற்று முப்பத்தெட்டு கிலோ.

ஆல்வின் ஐம்பத்தொன்று.

செவ்வாய்க்கிழமை குர்பஜார்தான் கேட்டார். பெரிய விரலை நீட்டி ஆல்வினைக் காட்டி, "என்னைத் தண்ணியில சாய்க்க இந்தத் தம்பி வரட்டும்," என்றார். அன்றிலிருந்து ஆல்வினுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"ஏனுங்ணா என்னைய?" என்றான் இப்போது, குருவைக் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டே. "பாடமெல்லாம் நடத்துனது நீங்க. நான் பக்கத்துல உக்காந்து தலையாட்டுனேன். பலமும் நீங்கதான். என்னையப் போயி ஏன் கேட்டாரு?"

"ஜெபம் மனப்பாடமா வருதா?"

"அது தூக்கத்துல கேட்டாலும் வருமுங்ணா."

"அப்பறம் என்னா லா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்ணா."

"அடுப்பப் பாரு. முட்டை தீயுது."

எட்டு மணிக்குச் சபைக் கூடத்தில் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டார்கள். இடுப்பளவு நிரம்ப இரண்டரை மணி நேரம். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. உள்ளே ஆவி எழும்பி ஜன்னலெல்லாம் வெளுத்துவிட்டது. ஆல்வின் நிமிடத்துக்கு ஒரு தடவை கையை விட்டுச் சூடு பார்த்தான்.

"குழந்தையக் குளிப்பாட்டப் போறவன் மாதிரி பாக்கிறியே," என்றார் முனியாண்டி.

பத்தரைக்குக் குர்பஜாரின் மனைவி ஒயூன் வந்தாள். ஒரு கையில் ஆவி பறக்கும் கறிக் கொழுக்கட்டைப் பாத்திரம், மறு கையில் வெள்ளைத் துணி மூட்டை. சபையில் இருந்த வெள்ளை உடை எதுவும் குர்பஜாரின் ஒரு தொடைக்குக்கூடப் போதவில்லை. இரண்டு படுக்கை விரிப்புகளை வெட்டி அவளே தைத்துக்கொண்டு வந்திருந்தாள். போன வருடமே ஞானஸ்நானம் எடுத்தவள் அவள். இன்றைக்கு ஒரு சாட்சி அவள்; இன்னொரு சாட்சி முனியாண்டி.

"ஒரு வருஷம் காத்திருந்திருக்கேன்," என்றாள் ஆல்வினிடம். "அவர் புருஷன்னு நான் கண்ணை மூடிக்க மாட்டேன். விரல் தெரிஞ்சா தெரிஞ்சதுன்னுதான் சொல்வேன்."

அவளுக்குப் பின்னால் ஐந்து பேர் குனிந்து வாசலுக்குள் நுழைந்தார்கள். குர்பஜாரோடு ஒரு காலத்தில் மல்லுக்கு நின்றவர்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெஞ்சு முனகியது. ஐவரும் ஜெபத்துக்கு வந்தவர்கள் இல்லை. குர்பஜாரின் முதுகைக் கீழே கொண்டுபோகப்போவது யார் என்று பார்க்க வந்தவர்கள்.

அங்கே மல்யுத்தத்தில் முழங்காலோ முழங்கையோ முதுகோ மண்ணைத் தொட்டால் தோல்வி. குர்பஜாரின் முதுகு மண்ணைத் தொட்டுப் பதினாறு வருடம் ஆகிறது.

வெள்ளை உடையில் ஆல்வின் வந்து நின்றதும் ஒருவர் கேட்டார்: "இதுவா? இதைக் குர்பஜார் பல்லு குத்தத்தானே எடுப்பான்?"

"வாயை மூடு. இது சபை," என்று அதட்டிய ஒயூனே திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

பாட்டு முடிந்தது. குர்பஜார் படியிறங்கினார். தண்ணீர் நான்கு விரல் உயர்ந்தது. ஆல்வின் வலது கையைத் தூக்கி, ஒரு சொல் பிசகாமல் ஜெபத்தைச் சொன்னான். அவர் முதுகில் கை வைத்தான். சாய்த்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

தண்ணீருக்குள் குர்பஜாரின் இடது கால் தானாகவே ஓரடி பின்னால் போய் ஊன்றிக்கொண்டது. ஆல்வின் சுவரில் பல்லி மாதிரி அவர்மேல் தொங்கினான்.

"நான் பண்ணலை தம்பி," என்றார் குர்பஜார் பதறிப்போய். "காலு பண்ணுது."

முன் பெஞ்சு குலுங்கியது.

இரண்டாவது தடவை அவர் பாதி போனார். போகிற வேகத்தில் வலது முழங்கால் எருமை முதுகு மாதிரி தண்ணீருக்கு மேலே எழும்பியது.

"முழங்கால்!" என்று கத்தினாள் ஒயூன்.

முனியாண்டியும் தலையை ஆட்டினார். செல்லாது.

மூன்றாவது தடவை ஆல்வின் பல்லைக் கடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் போட்டுத் தள்ளினான். தொட்டித் தரை வழுக்கியது. தண்ணீருக்குள் முழுசாகப் போனது ஆல்வின்தான். குர்பஜார் ஒற்றைக் கையால் அவன் கழுத்துத் துணியைப் பிடித்துப் பூனைக்குட்டி மாதிரி வெளியே எடுத்தார்.

"குர்பஜாருக்கு வெற்றி!" என்று எழுந்து கைதட்டினார் ஒரு மல்லர்.

கூடமே சிரித்தது. ஆல்வினும் இருமிக்கொண்டே சிரித்தான். அப்புறம் குர்பஜாரின் முகத்தைப் பார்த்தான். அதில் சிரிப்பு இல்லை.

"முப்பது வருஷம் இந்த முதுகுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக் கொடுத்திருக்கேன்," என்றார் அவர் தணிந்த குரலில். "விழாதேன்னு. இப்ப வேறெதையும் கேக்க மாட்டேங்குது. எனக்கு இது ஆகாது தம்பி."

அவர் படிப்பக்கம் திரும்பினார்.

ஒயூன் பாத்திரத் துணியைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் படியேறிவிட்டால் மறுபடி இறங்க மாட்டார் என்று ஆல்வினுக்குத் தெரிந்தது.

"அண்ணா!" என்றான் தமிழில். "நீங்க எறங்கிருங்ணா. என்னால முடியல. எப்படித் தள்றதுன்னே தெரியல."

முனியாண்டி ஷூவைக் கழற்றினார். கைக்கடிகாரத்தையும் போனையும் பெஞ்சில் வைத்தார். கோட்டும் டையுமாக அப்படியே தொட்டிக்குள் இறங்கினார். ஆல்வின் மூச்சு விட்டு, ஒதுங்கி, இடம் கொடுத்தான்.

குரு நேராகப் போய்க் குர்பஜாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெட்டிய மரம் மாதிரி அப்படியே பின்னால் விழுந்தார்.

குர்பஜாரின் இரண்டு கைகளும் தாமாக நீண்டு அவரைத் தாங்கின.

சிரிப்பு நின்றது. முனியாண்டி அந்தக் கைகளில் மல்லாந்து கிடந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு மங்கோலிய மொழியில் கேட்டார்.

"எத்தனை பேரைச் சாய்ச்சிருப்பீங்க ஐயா?"

"நானூறு இருக்கும்."

"தாங்கிப் பிடிச்சது?"

குர்பஜார் யோசித்தார். நெற்றியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீதான் முதல்."

"கனக்கிறேனா?"

"தண்ணிக்குள்ள ஒண்ணுமே தெரியலையே."

முனியாண்டி எழுந்தார். சொட்டச் சொட்டப் படியேறிப் போய்ச் சாட்சி நிற்கிற இடத்தில் நின்றுகொண்டார்.

"அவ்வளவுதானாங்ணா?" என்றான் ஆல்வின்.

"அவ்வளவுதான். சாட்சிகிட்டப் பேசாத லா."

ஆல்வின் தன் கையைப் பார்த்தான். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. குர்பஜாரின் பக்கத்தில் போய் நின்றான். நான்காவது தடவையாக ஜெபத்தைச் சொன்னான். முதுகில் கையை வைத்தான். தள்ளவில்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

நேரம் போனது. மல்லர் ஒருவர் தொண்டையைச் செருமினார். அந்த முதுகு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவது ஆல்வினின் உள்ளங்கையில் தெரிந்தது. இடது கால் மெல்லப் பின்னால் நகரப் பார்த்தது. நின்றது. திரும்பி வந்தது.

குர்பஜார் மூக்கைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் மடிந்தது.

அவர் போனார். மலை இறங்குகிற மாதிரி போனார். தொட்டியின் விளிம்பில் தண்ணீர் பொங்கி வழிந்து, முன் பெஞ்சுக்காரர்களின் ஐந்து ஜோடி பூட்ஸ்களையும் நனைத்தது. ஒயூன் விளிம்பில் குனிந்து, கண்ணை இடுக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினாள். முடி இல்லை. விரல் இல்லை. படுக்கை விரிப்பின் ஓரம்கூட இல்லை.

"போயிட்டார்!" என்று கத்தினாள். "முழுசாப் போயிட்டார்!"

முனியாண்டி தலையசைத்தார்.

தண்ணீரைப் பிளந்துகொண்டு குர்பஜார் எழுந்தார். ஆல்வின் அவரைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டினான். அவர் கட்டிக்கொள்ளவில்லை. குனிந்தார். இன்னும் குனிந்தார். நீட்டிய அந்தக் குச்சிக் கையின் அடியில், தலை தாழ்த்தி, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனார்.

முன் பெஞ்சில் ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள்.

ஆல்வினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குருவைப் பார்த்தான்.

"தோத்தவங்க ஜெயிச்சவங்க கைக்குக் கீழ போவாங்க," என்றார் முனியாண்டி. "அதான் இங்க முறை."

"நான் ஜெயிக்கலீங்களேண்ணா."

"அத அவர்கிட்டப் போய்ச் சொல்லு."

"ஆடு!" என்று ஒரு மல்லர் கத்தினார். "ஜெயிச்சவன் கழுகாட்டம் ஆடணும்!" மற்ற நால்வரும் ஈரப் பூட்ஸால் தரையை மிதித்தார்கள். ஆடு, ஆடு, ஆடு.

"அண்ணா, இங்க ஆடலாமுங்களா?"

"ஆடலைன்னா அவருக்கு மரியாதை இல்ல. சீக்கிரம் ஆடு, கொழுக்கட்டை ஆறுது."

ஆல்வின் இரண்டு கைகளையும் விரித்தான். இடுப்பளவுத் தண்ணீரில், கழுகா கோழியா என்று தெரியாத ஓர் ஆட்டம் ஆடினான். ஒயூன் அழுதுகொண்டே கைதட்டினாள். குர்பஜார் படியில் உட்கார்ந்து, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுக, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மதியம் எல்லோரும் போன பிறகு கூடம் முழுக்க ஈரம். ஆளுக்கொரு மாப்பை எடுத்தார்கள். முனியாண்டியின் கோட்டு ஹீட்டர்மேல் காய்ந்துகொண்டிருந்தது. சபை அலமாரியில் கிடந்த அளவு பொருந்தாத வெள்ளை உடை ஒன்றை மாட்டி, கால் பக்கம் இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தார். ஆல்வினின் வாய் ஓயவில்லை. முழங்கால் வந்ததே, பார்த்தீர்களா? என்னைத் தூக்கினாரே, பார்த்தீர்களா? வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்குப் போன். திங்கள்கிழமை வரைக்கும் இதை எப்படி வைத்துக்கொண்டு இருப்பது?

அரைக் கூடம் துடைத்தபின் மாப்பை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அண்ணா, இப்பவாவது சொல்லுங்ணா. நீங்க இருக்கறப்ப ஏன் என்னையக் கேட்டாரு?"

முனியாண்டி பெஞ்சுக்கு அடியில் மாப்பை விட்டு இழுத்தார்.

"உன்னால அவரைச் சாய்க்க முடியாது," என்றார். "அது அவருக்குத் தெரியும். அவராப் போனாத்தான் உண்டு."



ஆல்வின் மாப்பை வாளியில் முக்கிப் பிழிந்து, விட்ட இடத்திலிருந்து துடைக்கத் தொடங்கினான்.