பன்னீர் பட்ட காகிதத் தாமரை

முன்னொரு காலத்தில் மணிக்குன்றம் என்ற நாட்டை வேழமுடியான் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று சொல்லிவைப்போம். காலையில் எழுந்ததும் மண்டையில் என்ன தோன்றுகிறதோ அதுதான் அன்றைக்குச் சட்டம்.

ஒருநாள் அவன் கழுத்து மாலையில் ஒரு மல்லிகை வாடிவிட்டது.

"என் கழுத்தில் இருந்துகொண்டு வாடுவதா? என்ன திமிர்!" என்று குதித்தான்.

சபையில் இருந்த சிங்காரராயருக்கு இது போதாதா? அமைச்சர் கூத்தனாரைக் கவிழ்க்க நேரம் பார்த்திருந்த ஆள். சீனத்து வணிகன் ஒருவனிடம் காகிதம் மடிக்கப் பழகியிருந்தார். சதுரக் காகிதத்தை மடித்தார், திருப்பினார், இதழ் இதழாக விரித்துச் சாயம் பூசினார். தாமரை! ராஜா வாயைப் பிளந்தான்.

"வாடவே வாடாது, மகாராஜா! இனி நந்தவனம் எதற்கு?"

"நாளைக்கே ஏர் பூட்டி உழுதுவிடு! காகிதப் பூவைக் குறை சொல்கிறவன் நாட்டைவிட்டு வெளியே!"

ராயர் இளித்தார். "அமைச்சர் ஏதோ சொல்ல வருகிறார் போலிருக்கிறதே?"

நந்தவனம் போனால் பூத்தொடுக்கும் சனங்கள் அரண்மனை வாசலில் அழுதுகொண்டு நிற்பார்கள் என்பது கூத்தனாருக்குத் தெரியும். பேசினால் அவர் போவார். பேசாவிட்டால் அவர்கள் பிழைப்புப் போகும். இந்த மண்டுகளிடம் நியாயம் பேசி ஆவதென்ன? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"செய்த கைக்குச் சபை மரியாதை செய்ய வேண்டாமா? முதல் மாலை ராயருக்கு. அடுத்தது தங்களுக்கு, மகாராஜா."

ராயருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை நந்தவனத்தில் ஏர் பூட்டி நிற்கையில், சபையில் வெள்ளைப் பட்டு உடுத்தி, தான் மடித்த தாமரைகளையே மாலையாகப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்தனம் ஆயிற்று. வழக்கப்படி கூத்தனார் பன்னீர்ச் செம்பை எடுத்துச் சொட்டுச் சொட்டாகத் தெளித்தார்.

"இவ்வளவுதானா? ராஜா முன்னால் என்னை அவமதிக்கிறீரா, ஓய்?"

"அபசாரம், அபசாரம்!" என்று கூத்தனார் செம்பையே கவிழ்த்துவிட்டார்.

தாமரை தொங்கிற்று. கூழாயிற்று. சாயம் பட்டில் வழிந்தது. துடைக்கப்போய் முகமெல்லாம் சிவப்பு. சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

கூத்தனார் இன்னொரு செம்பை எடுத்தார். "அடுத்தது தாங்கள், மகாராஜா."

"கிட்டே வராதேயும்!" ராஜா சிம்மாசனத்தில் ஒடுங்கினான். "ஏரை அவிழ்க்கச் சொல்லும்! யோவ் ராயரே, பன்னீர் தாங்காத பூவையா என் கழுத்தில் போட வந்தீர்? இனி நந்தவனத்துக்குத் தண்ணீர் இறைப்பது உம் வேலை!"

தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனாருக்குப் போட்டான். பொழுது சாய்வதற்குள், "காகிதப் பூ உதவாது என்று எனக்கு முதலிலேயே தெரியும்" என்று எல்லாரிடமும் சொல்லத் தொடங்கிவிட்டான்.

கூத்தனார் தலையை ஆட்டிவைத்தார். வேறென்ன செய்வது, ராஜாவாயிற்றே.