வெல்வெட் பையில் வந்த கேபிள்

இந்தச் சம்பவத்தைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. எனக்குச் சொன்னவர் பொய் சொல்லும் மனிதர் அல்ல. அதுதான் என் சிரமம். தவறு கேட்கிறவனிடம் இருக்கிறதோ என்றும் பலமுறை யோசித்திருக்கிறேன்.

சொன்னவர் ஞானசிகாமணி சார். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவர். ஓய்வு பெற்றதும் வீட்டில் ஓர் அறையை ஹோம் தியேட்டராக மாற்றினார். அமைத்துக் கொடுத்தவர் மைதீன், மார்க்கெட் பக்கம் சிறிய கடை வைத்திருந்தவர். வயது முப்பத்தாறு. அறுபதைத் தாண்டிய சார் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். தினமும் காலை பத்து மணிக்குக் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, மாஸ்டர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்வார்.

மைதீன் அதிகம் பேச மாட்டார். ஒருமுறை, வயர்னா வயர்தான் சார் என்றார். சார் அதையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

சாரின் துன்பமெல்லாம் ஒரு கேபிளில் இருந்தது. பிளேயரிலிருந்து படத்தையும் ஒலியையும் ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுபோகிற எச்டிஎம்ஐ கேபிள். அவரிடம் மூன்று இருந்தன. ஒன்று பிளேயர் பெட்டிக்குள்ளேயே வந்தது. ஒன்று மைதீன் கடையில் வாங்கியது. மூன்றாவது, மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. சாரைப்பாம்பு தடிமன், நுனியில் தங்க முலாம், வைத்துக்கொள்ள வெல்வெட் பை.

படம் ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் சாருக்கு ஏதோ உறுத்தும். வசனத்தில் புழுதி படிந்திருக்கிறது என்பார். படத்தை நிறுத்திவிட்டு, டார்ச்சை வாயில் கவ்வியபடி அலமாரிக்குப் பின்னால் போவார். கேபிளை மாற்றிவிட்டுப் படத்தை மறுபடியும் முதலிலிருந்து போடுவார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே.

அவர் மனைவி எஸ்தர் டீச்சர் பதினோரு மாதம் பொறுத்தார். பிறகு ஒருநாள் சர்ச் வாசலில் நாலு பேர் முன்னால் சொன்னார்:

"பதினாலு படத்துல கதாநாயகன் பஸ்ஸை விட்டு இறங்குறதைப் பார்த்துட்டேன். இறங்கினவன் என்ன ஆனான்னு ஒரு படத்துலயும் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் கெடு வைத்தார். வருகிற ஞாயிறு ஒரு படம் முழுசாக ஓட வேண்டும். நடுவில் சார் எழுந்தால், திங்கட்கிழமை அந்த அறையில் தையல் மெஷின். டீச்சர் அதில் தைக்க உட்கார்ந்துவிடுவார்; படம் பார்க்க இனி கூப்பிட வேண்டாம்.

அறை போவது பெரிதில்லை, அவள் இனி பக்கத்தில் வந்து உட்கார மாட்டாளே என்றுதான் பயந்தேன் என்று சார் என்னிடம் சொன்னார்.

நேரே கடைக்குப் போனார்.

"மாஸ்டர், மூணுல எதைப் போடணும்? ஒண்ணைச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை நானே வாரேன் சார்."

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் மைதீன் வந்தார். அலமாரிக்குப் பின்னால் போய் ஏதோ ஒன்றை மாட்டினார். டீச்சர் அச்சுமுறுக்கு டின்னோடு சோபாவில் உட்கார்ந்தார். இன்றைக்காவது பஸ்ஸை விட்டு இறங்கினவன் வீடு போய்ச் சேர்வானா தம்பி என்று கேட்டார். பார்ப்போம் டீச்சர் என்றார் மைதீன்.

படம் ஆரம்பித்தது. எட்டாவது நிமிடம் சாரின் கழுத்து அலமாரிப் பக்கம் திரும்பியது.

பின்னால் நின்ற மைதீன் வெல்வெட் பையைத் திறந்தார். தடித்த கேபிளை எடுத்து சாரின் மடியில் போட்டு, ஒரு முனையை வலது கையிலும் மறுமுனையை இடது கையிலும் கொடுத்தார்.

"நீங்க மாட்டி மாட்டிக் கழட்டினதுல இதுக்குள்ள கரண்ட் தங்கிருச்சு சார். ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு படாம, தரையிலயும் படாமப் பிடிங்க. படம் முடியறதுக்குள்ள இறங்கிரும். அப்புறம் மாட்டிப் பார்ப்போம்."

"எந்திரிக்கலாமா?"

"எந்திரிச்சா திரும்ப ஏறிரும்."

சார் அசையாமல் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மூக்கு அரித்தது. இரண்டு கையிலும் கேபிள். டீச்சரைப் பார்த்தார். முப்பத்தஞ்சு வருஷத்தில் இந்த ஒரு வேலைதான் பாக்கி இருந்தது என்று சொல்லிக்கொண்டே டீச்சர் சொறிந்துவிட்டார். பிறகு முறுக்கை ஒடித்து வாயில் வைத்தார். பாதிக் கடியில் கதாநாயகன் ஏதோ கோமாளித்தனம் பண்ண, இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சாரின் சட்டையெல்லாம் முறுக்குத் தூள்.

இடைவேளை என்று திரையில் எழுத்து வந்தது. கொஞ்ச நேரம் கீழே வைத்துக்கொள்ளலாம் என்றார் மைதீன். சார் தலையை ஆட்டி மறுத்தார். இடது கையில் இன்னும் கொஞ்சம் விறுவிறுவென்று இருப்பதாகச் சொன்னார்.

இரண்டாம் பாதியில் கதாநாயகியின் அப்பா செத்துப்போனார். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாரின் கண்ணாடியைக் கழற்றி, அதே முந்தானையால் துடைத்து மாட்டிவிட்டார்.

படம் முடிந்தது. டீச்சர் டின்னை மூடிக்கொண்டு எழுந்தார். அடுத்த ஞாயிறு சிரிப்புப் படமாகப் போடுங்கள், அழுது தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார்.

சார் இன்னும் இரண்டு முனைகளையும் விடவில்லை.

"மாஸ்டர், இப்பவாவது சொல்லுங்க. மூணுல எது நல்ல கேபிள்?"

மைதீன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கையில பிடிச்சிருந்தீங்களே, அதுதான் சார்."

இதைச் சார் என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் நான் தலையாட்டிவிட்டு வீடு திரும்புவேன். கேட்டால் அவமதிப்பாகுமோ, கேட்காமல் இருப்பது அதைவிட அவமதிப்போ என்று வழியெல்லாம் குழம்புவேன். போன மாதம், டீச்சர் அறையில் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"சார், முப்பத்திரண்டு வருஷம் மின்சாரம் நடத்தினவர் நீங்க. எங்கேயும் சொருகாத கேபிள்ல கரண்ட் ஏது?"

"அது தெரியாமலா? ஆனா கையில அது இல்லன்னா நான் எந்திரிச்சிருப்பேனே" என்றார் சார்.