நூறு சதவீத வருகை

ஓடையில் வெள்ளம் கரைபுரண்ட காலை அது. இருநூறு பிள்ளைகளில் பத்தொன்பது பேர்தான் பள்ளிக்கு வந்திருந்தார்கள். ஜீப்பில் வந்திறங்கிய மாவட்டக் கல்வி அதிகாரி மகுடபதியோ, "அத்தனை பேரும் வந்தாச்சுன்னு பெத்தவங்களுக்குப் போற மாவட்டச் செய்தியில எழுது. இல்லேன்னா உனக்கு வேலை இருக்காது!" என்று மேசையைத் தட்டினார்.

வந்தது பத்தொன்பது பேர்தான் என்று பள்ளி உதவியாளர் அஞ்சுகம் மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்பதாக இல்லை; எழுதி நீட்டினாள்.

'இருநூறு பேரும் வந்துள்ளனர். வெள்ளம் ஏறுவதால், பெற்றோர் உடனே வந்து கல்வி அதிகாரி மகுடபதியிடம் பிள்ளைகளைப் பெற்றுக்கொள்ளவும்.'

அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. "என்னம்மா இது? வராத பிள்ளையைக் கேட்டா நான் எங்க போவேன்?"

"காலையிலிருந்து அந்தப் பயத்துலதான் சார் பத்தொன்பதுன்னே சொல்லிட்டிருக்கேன்."

அதிகாரியின் பச்சை மைப் பேனா இருநூறை அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று எழுதியது.